ஷுக்ரிக்குத் தெரியாமல்

கெய்ரோவின் அந்தப் பெரிய சூப்பர் மார்க்கெட்டில் வெள்ளைச் சீஸ் டப்பா ஒன்றை எடுத்த இன்ஷிராஹ், எதிரே தள்ளுவண்டியோடு நின்ற பக்கத்து வீட்டு ஸனீயாவைப் பார்த்ததும் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"அடிப்பாவி!" என்றாள் ஸனீயா. "நம்ம தெருக் கடையை விட்டுட்டு எவளும் இங்க வரக்கூடாதுன்னு பால்கனியில நின்னு கத்தினது நீதானே?"

"மெதுவாப் பேசுங்கக்கா. கடையில ஷுக்ரி காதுக்குப் போச்சுன்னா நான் தொலைஞ்சேன்."

"நானாவது நாலு காசு மிச்சமாகும்னு வரேன். உனக்கென்ன வந்துச்சு?"

"நான் மாடியிலேர்ந்து கூடையைக் கயித்துல கட்டி இறக்கினா, ஷுக்ரி அதுல போட்டு அனுப்புறதெல்லாம் நசுங்கின டப்பாவும் நொறுங்கின மக்ரோனியும்தான். வாய்க்கு ருசியாத் தின்னு எத்தனை நாளாச்சு!"

ஸனீயா சிரித்துவிட்டாள். "சரி போ. நான் உன்னைப் பார்க்கல, நீ என்னைப் பார்க்கல."

இன்ஷிராஹ் காசைக் கொடுத்துவிட்டு, டப்பாவை முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டு, ஷுக்ரியின் கடைப் பக்கமே தலைகாட்டாமல் பின்சந்து வழியாக வீடு சேர்ந்தாள். சீஸைத் தட்டில் கொட்டிவிட்டு, டப்பாவைக் குப்பையில் அமுக்கினாள்.

நண்பகல் தொழுகை முடிந்து, சாப்பிட வீட்டுக்கு வந்தார் அவள் கணவர் ஷுக்ரி. ரொட்டியில் சீஸைத் தொட்டு வாயில் போட்டவரின் முகம் மலர்ந்தது.

"நேத்து நான் அனுப்பின சீஸ்தானே இது? தேதி முடிஞ்சு போச்சுன்னு மூக்கைப் பொத்தினியே!"

"ஆ... ஆமாங்க."

"என்ன ருசி பாரு! கடையில இன்னும் ஒரு பெட்டி அப்படியே கிடக்கு. தூக்கி எறிய இருந்தேன். நான் கீழ போறேன், நீ பெரிய கூடையா இறக்கு!"