தீர்த்த பாட்டில்

“காய்ச்சினியா?”

“ஆத்துத் தண்ணிய யாராவது காய்ச்சுவாகளா மதினி? ஒங்க மெட்ராஸு குழாய்த் தண்ணியா இது?”

காலையில் நாத்தனார் சொல்லிச் சிரித்தது.

முப்பத்தொரு வருடம் குடித்தனம் நடத்தியும் அவள் மெட்ராஸ்காரிதான்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நாத்தனார் தண்ணீரைத் திருப்பி எடுத்துப் போயிருப்பாள் என்றுதான் நினைத்தாள்.

இப்போது, கணவருக்கு ஆகாரம் கொடுக்கும் நேரம். அலமாரியில் வரிசையாக இருந்த தண்ணீர் பாட்டில்களில் ஒன்றை எடுத்துத் திருகினாள்.

மூடி சத்தமில்லாமல் திறந்துகொண்டது.

சீல் உடையும் அந்த ‘நறுக்’ இல்லை.

ஆஸ்பத்திரி பாட்டில்தான். ‘ஸ்டெரைல் வாட்டர்’ என்று ஒட்டியிருந்தது. உள்ளே தாமிரபரணி.

தீர்த்தம் சுத்தமான பாத்திரத்தில் இருக்கட்டும் என்று, காலி பாட்டிலைக் கழுவிப் பிடித்து வந்திருக்கிறாள் நாத்தனார்.



“காய்ச்சி ஆறவெச்சதுகூட இப்போதைக்கு வேண்டாம்மா. அன்னன்னிக்குப் பிரிச்ச பாட்டில் மட்டும்” என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். புற்றுக்குக் கொடுத்த மருந்து அவர் உடம்பின் எதிர்ப்பையெல்லாம் வழித்து எடுத்திருந்தது. தொண்டை விழுங்குவதில்லை. பேச்சும் இல்லை. மூக்கில் செருகிய குழாய்தான் வாய்.

அவர் பாட்டிலையே பார்த்தார்.

தங்கச்சி அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

கை மெல்ல எழுந்து குழாயைத் தொட்டது. இதில் விடு.

ஒரு விடியல் தவறாமல் அவர் முங்கி எழுந்த ஆறு.

உயிர் போகிறவர் வாயில் விடுகிற தண்ணீரும் அதுதான். அவருக்கும் அது தெரியும்.

அவள் மூடியை இறுகத் திருகினாள். பாட்டிலை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

வேறொன்றை எடுத்தாள்.

நறுக்.

சிரிஞ்சில் ஊற்றி உயர்த்திப் பிடித்தாள். தண்ணீர் மெல்ல இறங்கியது.

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

கல்யாணமான புதிதில், அவள் வாய் திறக்கும் முன்பே சொல்லியிருந்தார். “படித்துறை வழுக்கும் பிள்ள. ஒனக்கு ஒத்துவராது.”

அதற்குப் பிறகு அவர் துண்டோடு கிளம்பும் ஒவ்வொரு காலையும், கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டு கதவைச் சாத்தியிருக்கிறாள்.

குழாயை மூடினாள். கட்டிலைச் சுற்றிச் சுவர்ப்பக்கம் போனாள். அவர் கண்ணுக்கு நேரே குனிந்தாள்.

“ஏங்க, என்னையும் ஒருநாள் ஆத்துக்குக் கூட்டிட்டுப் போங்க.”