விறகுக்காரியைக் காணோம்

“அவ எங்க போனா?”

மறுபடியும் ஆரம்பித்துவிட்டார் அவள் கணவர்.

வலது கால் விரிப்பை உதைத்து உதைத்துச் சுருட்டிவிட்டது. கண் எதிர்ச் சுவரைவிட்டு நகரவில்லை. பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாள் முதல் இதே பாட்டுதான்.

விழுந்துபோன இடது கை அவள் மடியில் கிடந்தது. எண்ணெய் தொட்டு உருவிக்கொண்டே இருந்தாள். கை கிடக்கும் பக்கம்தானே நாற்காலி போட முடியும்? வலது பக்கம் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஆள் நுழைகிற சந்துதான். அங்கே போக வேலையே இல்லை.

சுவரில் அந்தக் காட்டுப் படம்.

நூற்றைம்பது வருடங்களுக்கு முன் எவனோ ஒரு பிரெஞ்சுக்காரன் செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, மை தடவி அச்செடுத்தது. வண்ணம் கிடையாது. வலப்பக்கம் பெரிய ஓக் மரம். நடுவில் குட்டை. இடது ஓரத்தில் விறகுக் கட்டோடு ஒருத்தி, நகத்தளவு.

கல்யாணமான புதிதில் பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டினார். இலைகளுக்கு நடுவே வெயில் விழுகிறதே, அதை அவன் வரையவே இல்லை; அங்கே ஊசி படவில்லை, அவ்வளவுதான் என்றார்.

இந்த மனுஷனுக்கு வேறு வேலை இல்லையா என்று நினைத்தாள். அப்புறம் அவளுக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்தால் இரண்டு பேரும் அந்தக் காட்டுக்குள்தான்.

அங்கே இருந்த விறகுக்காரியைத்தான் இப்போது காணோமாம்.

அது போகட்டும். நேற்று வந்த கொழுந்தனிடம், “மதலேன் என்ன எட்டிக்கூடப் பாக்கலடா” என்றார். பக்கத்தில் மதலேன் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னார்.

மூளை கலங்கிவிட்டது என்றான் கொழுந்தன், கூடத்தில் போய், மெதுவாக.

இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளையா மறப்பார்?

“அவ எங்க போனா?”

“இருங்க, காட்டறேன்.”

எழுந்து போய்ப் படத்தை ஆணியிலிருந்து இறக்கினாள். வெளிச்சத்தில் காட்டலாம் என்று, படத்தை முகத்துக்கு முன்னால் தூக்கிக்கொண்டே ஜன்னல் பக்கத்துச் சந்துக்குள் நுழைந்தாள்.

“தோ, வந்துட்டாளே.”

அவர் வலது கை நீண்டது. விரல் சரியாக விறகுக் கட்டின் மேல் போய் நின்றது.

கால் உதைப்பதை நிறுத்திவிட்டது.

சட்டத்துக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கட்டிலின் இடப்பக்கம் அவளுடைய நாற்காலி. அவர் முன்னால் கட்டிலுக்குக் குறுக்கே போட்ட பலகையில் மத்தியானச் சோற்றுத் தட்டு. வலது பாதி துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. இடது பாதியில் கை பட்டிருக்கவில்லை. தினமும் இப்படித்தான் மீந்துபோகிறது.

தட்டைப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள். விறகுக்காரியும் இடது ஓரம்தான்.

படத்தை இறக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

இறக்கினாள்.

அவர் அவளையே பார்த்தார்.

“எங்க போயிருந்த மதலேன், இத்தன நாளா?”

நாற்காலி அந்தச் சந்தில் நுழையாது. எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஜன்னல் விளிம்பிலேயே உட்கார்ந்தாள்.