பின்பாதி

கேதுமான் கோழையாம். சொன்னவள் நசீறா.

நினைக்க நினைக்கக் கிறேசுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீரிக் கிராமத்திலிருந்து மழைத் தூறலில் சைக்கிளை மிதித்த மிதியில் அந்தக் கோபம் முழுவதும் இருந்தது.

கேதுமான் ஒரு நாவலின் நாயகன். மனிதர்களும் வனத்தாரும் ஒரே நகரத்தில் வாழ்கிற வீரக்கதை அது. வனத்தார் என்றால் கூர்க்காது, முந்நூறு வயது, காட்டு மருந்தெல்லாம் கைவசம். நஞ்சம்பு பட்டுக் கிடந்த கேதுமானுக்கு உயிர் கொடுத்ததே அவர்கள்தான். எழுந்த கையோடு அவன் அவர்களுடைய கிணற்றுத் தண்ணீரை அள்ளிச் சத்தியம் செய்கிறான், உங்களில் ஒருவர்மேலும் யாரையும் கைவைக்க விடமாட்டேன் என்று. அந்த இடத்தில் கிறேஸ் அழுதே விட்டாள்.

தலையணைத் தடிமனில் ஒரேயொரு பிரதிதான் கிடைத்தது. கந்தோரில் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் உட்கார்ந்து வேலை செய்த இரண்டு பேருக்கும் பொறுமை இல்லை. பிளேட்டால் புத்தகத்தின் முதுகை நடுவில் கீறி இரண்டாக்கி, வலை நூலால் தைத்துக்கொண்டார்கள். காசு சுண்டியதில் முன்பாதி கிறேசுக்கு விழுந்தது, பின்பாதி நசீறாவுக்கு. கதையைச் சொல்லக்கூடாது, அபிப்பிராயம் மட்டும் சொல்லலாம் என்று ஒப்பந்தம்.

நடுவிலிருந்து நாவல் படிக்கத் தொடங்கியவள் உலகத்தில் நசீறா ஒருத்தியாகத்தான் இருப்பாள். படித்தவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா?

மத்தியானச் சாப்பாட்டு நேரமெல்லாம் கேதுமானுக்குத் திட்டுத்தான். வாய்ச்சொல் வீரன் என்றாள். அவனை நம்பின வனத்தாருக்கு முந்நூறு வயதாகியும் மூளை வளரவில்லை என்றாள்.

கிறேசின் அண்ணன் யோசேப்பும் நாலு பக்கம் புரட்டிவிட்டு அபிப்பிராயம் சொன்னவன்தான். கடலோர நகரமாம், ஒருத்தனும் மீன் தின்னக் காணவில்லை, எழுதினவனுக்கு விசர் பிடித்திருக்கிறது என்றான். அதையாவது பொறுக்கலாம். கேதுமானைக் கோழை என்றால் பொறுக்க முடியுமா? வெள்ளிக்கிழமை கிறேஸ் பாய்ந்து விழுந்தாள். உனக்கு வீரமென்றால் என்னவென்று தெரியுமா என்று கேட்டாள். அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது.

அடுத்த கிழமை நசீறாவின் கதிரை வெறுமையாகக் கிடந்தது.

முஸ்லிம் ஊர்களுக்குள் துவக்கு ஏந்தினவர்களின் ஒலிபெருக்கி கட்டின வாகனம் போயிருந்தது. இந்தத் தீவில் ஒரு முஸ்லிமும் இருக்கக்கூடாதாம். ஆளுக்கொரு பையோடு வள்ளம் ஏறிவிட வேண்டுமாம். பிறந்து வளர்ந்த ஊரைவிட்டு ஏன் போகவேண்டும் என்று கேட்டால் பதில் சொல்ல அந்த வாகனத்தில் ஆள் இல்லை. என்ன நியாயம் இது?

தாராபுரம் தாண்டிக் கரைக்குப் போகிற ஒழுங்கையில் துவக்கோடு நின்றவன் கிறேசை மறித்தான். கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டான்.

"புத்தகம் மாத்த வந்தனான்."

முன்பாதியைத் தூக்கிக் காட்டினாள். அவன் வாங்கி உதறிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான்.

கரை முழுக்கச் சனம். உரப்பைகள், சுருட்டிய பாய்கள், நனைந்த பிள்ளைகள். நசீறா தன் வாப்பாவுக்குக் குடை பிடித்துக்கொண்டு தண்ணீர் ஓரத்தில் நின்றாள்.

வரும் வழியெல்லாம் கிறேஸ் என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தாள். கிட்டப் போனதும் முன்பாதியைத்தான் நீட்டினாள். துவக்குக்காரனுக்குச் சொன்னதையே இவளுக்கும் சொன்னாள், புத்தகம் மாற்ற வந்தேன் என்று. சண்டைக் குரலில்தான் சொன்னாள்.

நசீறா தன்னுடைய ஒரே பையைத் திறந்தாள். உடுப்புகளுக்கு மேலே பின்பாதி இருந்தது. அதற்கு இடம் விட வேறு எதை வீட்டில் போட்டுவிட்டு வந்தாளோ.

அதைக் கிறேசிடம் கொடுத்துவிட்டு, முன்பாதியை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"தொடக்கத்திலை நல்லவனாத்தான் இருந்தவனோ?"

கிறேஸ் ஓமென்று தலையாட்டினாள்.

வள்ளத்திலிருந்து கூப்பிட்டார்கள். வாப்பாவைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டு, முழங்கால் தண்ணீரில் நின்று நசீறா திரும்பினாள்.

"கடைசிப் பக்கம் மட்டும் பொய்யடி, கிறேஸ். அதை நம்பாதை."

பாருங்கள், ஊரைவிட்டுப் போகும்போதும் அபிப்பிராயம்! என்ன பொய், ஏன் பொய் என்று கேட்பதற்குள் வள்ளம் கிளம்பிவிட்டது. கிறேசுக்குக் கோபம் தலைக்கேறியது. வரிசையாகப் படிப்பதாவது மண்ணாவது என்று, தூறலுக்குள் நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள்.

வனத்தாரெல்லாம் பொழுது சாய்வதற்குள் நகரத்தை விட்டுப் போகவேண்டும் என்று அரசன் முரசறைந்திருந்தான். கோட்டை வாசலில் ஈட்டியோடு காவல் நின்றவன் கேதுமான். அம்பைப் பிடுங்கி அவனைப் பிழைக்க வைத்த கிழவி அவனைக் கடந்து போனாள். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நகரத்தின் கதவுகளெல்லாம் சாத்தியிருந்தன.

வழியனுப்ப மனிதரில் ஒருவரும் வரவில்லை. அதுதான் கடைசி வரி.

வெட்கம் கெட்ட நாயே என்று கிறேஸ் வாய்விட்டுத் திட்டினாள். கேதுமானையா, ஒழுங்கையில் நின்றவனையா, அவளுக்கே தெரியாது. இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னொருமுறை திட்டினாள்.

பிறகு அந்தக் கடைசி வரியை மறுபடியும் வாசித்தாள். நசீறா பொய் என்று சொன்ன வரி.

நிமிர்ந்து பார்த்தபோது வள்ளம் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. எந்தத் தலை நசீறாவுடையது என்று தெரியவில்லை.

புத்தகம் மாற்ற வந்தேன் என்று கிறேஸ் சொன்னதைத் துவக்குக்காரன் நம்பினான். நசீறா நம்பவில்லை.