சல்லிக்கல் பாதை

அந்த மரச்சிலுவையை இரண்டாவது தடவையாகப் பார்ப்பதாக அன்ரனுக்குப் பட்டது. முதல் தடவை ஒரு கையை விட்டு நெற்றியில் சிலுவை போட்டிருந்தான். இம்முறை போடவில்லை. சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றினான்.

“அண்ணை, இதால முதலும் வந்தனாங்கள்.”

வழிகாட்டியாக முன்னால் போன கதிர்காமநாதன் திரும்பிப் பார்க்கவில்லை. “இந்த மேடு முழுக்கச் சிலுவைதான். வழி தவறிச் சேத்துக்க தாண்டு செத்தவங்களுக்கு நட்டு வைச்சிருக்கிறாங்கள். உமக்கும் ஒண்டு வேணுமெண்டால் நில்லும்.”

அன்ரன் மிதித்தான். ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில், மலைக்கு மேல் கிடந்த சதுப்பு நிலம் அது. கண்ணுக்கெட்டிய மட்டும் பழுப்புப் புல், அதற்கு நடுவே சல்லிக்கல் பாதை. ஏற்றத்தில் சக்கரம் வழுக்கியது, இறக்கத்தில் பல் ஆடியது. கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டுக்கொண்டு, காற்சட்டையின் காலைச் சப்பாத்துக்கு மேலே தெரிந்த மேசுக்குள் செருகியிருந்தான்.

“பொம்பிளை பாக்கவோ போறீர்?” என்று கதிர்காமநாதன் புறப்படும்போதே கேட்டிருந்தான். “கோட்டுப் போட்ட எங்கட ஆக்களைத்தான் பொலிஸ் முதல் மறிக்கும். என்னைப் போலத் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஓடினால், ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு எண்டு விட்டிடுவாங்கள்.”

அன்ரன் கோட்டைக் கழற்றவில்லை. மனைவி தேவமலர் பெல்ஜியத்தில், பிரசல்ஸில் இருந்தாள். ஒன்றாகப் புறப்பட்டவர்களை ஏஜென்சிக்காரன் இரண்டு நாடுகளில் இறக்கிவிட்டிருந்தான். அவளுக்கு இப்போது எட்டு மாதம், பக்கத்தில் ஒருவரும் இல்லை. அவள் முன்னால் அகதிக் கோலத்தில் போய் நிற்க அவனுக்கு விருப்பமில்லை.

அகதி விடுதி இருந்த மாவட்டத்தைத் தாண்ட அவனுக்கு அனுமதி கிடையாது. தாண்டிப் பிடிபட்டால் அகதி வழக்கு அத்தோடு கெட்டுப்போகும். ஆனால் அன்ரன் பொலிசை விட முன்னால் போகும் முதுகுக்குத்தான் கூடுதலாகப் பயந்தான். அதற்குக் காரணம் விடுதியில் பக்கத்துக் கட்டில் விமலநாதன்.

“என்னை ஒருத்தன் வானில ஏத்திச் சுத்து சுத்தெண்டு சுத்திப்போட்டு, இதுதான் பிரான்ஸ் எண்டு இறக்கிவிட்டவன். பாத்தா பிராங்பேர்ட். ஒருத்தற்ற வாயையும் நம்பாதை. இறங்கின உடனை கடையில எழுத்தைப் பார்.”

உலகத்தில் தன்னை விடக் கெட்டிக்காரன் இல்லை என்பது விமலநாதனின் எண்ணம். ஏமாந்தவர்களுக்கு அந்த எண்ணம் சீக்கிரம் வந்துவிடும். அன்ரனுக்கோ ஏமாறாமலே வந்திருந்தது.

பாதை சரிந்து ஒரு கிராமத்துக்குள் முடிந்தது. கதிர்காமநாதன் பிரேக்கைப் பிடித்தான்.

“இறங்கும். பெல்ஜியம்.”

அன்ரன் சுற்றிலும் பார்த்தான். கற்சுவர் வீடுகள், சின்னத் தேவாலயம். சுவரொன்றில் ஊரில் உள்ளது போலவே சிவப்பாக ஒரு தபால்பெட்டி. அதற்குப் பக்கத்தில் பேக்கரி. பேக்கரிப் பலகையில் இருந்த எழுத்து ஜெர்மன். வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த கிழவி நிமிர்ந்து காலை வணக்கம் சொன்னாள். அதுவும் ஜெர்மன்.

அன்ரனுக்குச் சிரிப்பு வந்தது.

“பெல்ஜியத்தில ஜெர்மனோ அண்ணை கதைக்கிறவை?”

“இந்தக் கரையில கதைப்பினம். பழைய சண்டையில கைமாறின ஊருகள். இப்ப பஸ் வரும், ஏறி ஸ்டேசனில இறங்கும். சைக்கிளைத் தாரும்.”

“நல்ல கதை. மேட்டைச் சுத்திக் காட்டிப்போட்டு இப்ப சைக்கிளும் வேணுமோ? காதில பூ வைக்க வேற ஆளைப் பாருங்கோ.”

“தம்பி, வடிவாப் பாரும்.”

“பாத்திட்டன். எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியும்.”

கதிர்காமநாதன் அவனைத் தலையிலிருந்து கால் மேசு வரை ஒருதரம் பார்த்தான். வழிக்கூலியாக வாங்கியிருந்த சங்கிலியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து அவன் கையில் போட்டான். தேவமலர் கழற்றிக் கொடுத்த சங்கிலி.

“இந்தாரும். உம்மைக் கெஞ்சிக் கரை சேர்க்கிறது என்ர வேலையில்லை. சைக்கிளையும் நீரே வைச்சிரும்.”

அவன் வந்த பாதையாலேயே மேட்டில் ஏறி மறைந்தான்.

களவு பிடிபட்டால் திருப்பித் தரத்தானே வேண்டும் என்று அன்ரன் நினைத்தான். வழி நெடுக நக்கலடித்தவனை ஒரு பலகையைக் காட்டி மடக்கியதை நினைக்க நினைக்கச் சந்தோசமாக இருந்தது. தேவமலரிடம் போக வேறு நல்ல ஆள் பிடிக்கலாம். அதற்கு முதல் விமலநாதனுக்குச் சொல்ல வேண்டும்.

திரும்பிப் போவதற்குக் கல்லில் உலையத் தேவையில்லை. தன்னுடைய மாவட்டத்துக்குள் ஒளித்து ஓட அவன் என்ன கள்ளனா? சந்தியில் நின்ற பலகை, விடுதி இருந்த ஊரின் பெயரோடு தார் றோட்டைக் காட்டியது. அதில் ஏறினான். சைக்கிள் வெண்ணெயில் போவது போலப் போனது.

ஒரு வளைவு தாண்டியதும் றோட்டின் குறுக்கே சிவப்பு வெள்ளைத் தடி. பக்கத்தில் பச்சைச் சீருடையில் ஓர் அதிகாரி. ஏதோ சோதனை நடக்கிறது போலும். அன்ரன் பயப்படவில்லை. இறங்கிக் கழுத்துப்பட்டியைச் சரிசெய்து, கேட்காமலே விடுதி அட்டையை நீட்டினான். மாவட்டத்தை விட்டு ஓரடி கூட வெளியே வைக்கவில்லை என்று தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னான்.

அதிகாரி அட்டையைப் பார்த்தார். சேறு அப்பிய சக்கரத்தைப் பார்த்தார். பிறகு அவன் வந்த றோட்டை. அவருக்குக் கோபம் வரவில்லை, உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்:

“பெல்ஜியத்துக்குள் நீ எப்படிப் போனாய்?”