குடியுரிமைக்கு ஒரு கிலோ கத்தரிக்காய்

இரத்தத்தைச் சோதித்துக் குடியுரிமை கொடுத்தபோது அமைச்சர்களே பாதிப் பேர் தேறவில்லை. அதனால் இப்போது சென்னை விமான நிலையத்தில் கத்தரிக்காய்தான் சோதனை.

குற்றாலநாதன் தென்காசியில் பிறந்தவன். அதிகாரி அம்மாள் கிலோ முன்னூறு என்றதும், மறுபேச்சில்லாமல் செல்போனை நீட்டிப் பணத்தைக் கட்டிவிட்டான்.

"நீங்க வெளிநாட்டுக்காரர். அடுத்த விமானத்துல திரும்பிடுங்க."

"மேடம், ஏழு தலைமுறையா நாங்க தென்காசி!"

"அந்த ஏழுல ஒருத்தராவது சொன்ன விலைக்கு வாங்கியிருப்பாங்களா?"

அடுத்து அவன் மனைவி ஃபொலாக்கே. நைஜீரியாவின் லாகோஸ் சந்தையில் துணி விற்றவளின் மகள். இந்த ஊருக்கு வருவது இதுவே முதல்முறை. புருஷனிடம் கற்ற தமிழில், "சொத்தைக் காய்க்கு முன்னூறா? எண்பது," என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள்.

"ஏம்மா, வா! தொண்ணூறு!"

முத்திரை விழுந்தது.

"இவர்?" என்று புருஷனைக் காட்டினாள்.

"உன் பொறுப்புல ஒரு வருஷம் வச்சுக்கலாம்."

"அஞ்சு."

"கட்டுப்படியாகாதும்மா. ரெண்டு."

"மூணு. இல்லன்னா நீங்களே வச்சுக்குங்க."

அம்மாள் பெருமூச்சு விட்டு மூன்று என்று எழுதினார். ஃபொலாக்கே நகரவில்லை.

"கொசுறு?"

அம்மாள் ஒரு மாதத்தைக் கறிவேப்பிலை மாதிரி மேலே போட்டார்.