கெல்னர் ஒண்ணு

மதிய நெரிசலில் மோரியின் சாண்ட்விச் கடைக் கண்ணாடி வேர்த்துக் கிடக்கிறது. கறி சீவும் இயந்திரம் ஓயாமல் இரைகிறது. மனசுக்குப் பிடித்த வாடிக்கையாளரின் பெயரைச் சாண்ட்விச்சுக்கு வைத்துவிடுவது மோரியின் வழக்கம். சுவரில் இருக்கும் விலைப் பலகையில் ஊறுகாய்க்குக் கீழே 'கெல்னர்' என்று ஒரு சாண்ட்விச் இருக்கிறது. அந்தப் பேராசிரியர் கெல்னரேதான் இப்போது வரிசையில், கோட்டுப் பொத்தான்களைத் துளை மாற்றிப் போட்டுக்கொண்டு, மனைவி ஐரீனின் கையைப் பிடித்தபடி நிற்கிறார். "கெல்னர் ஒண்ணு, கடுகு தூக்கலா!" என்று மோரி கத்துகிறார். போன வாரம்வரை அந்தக் கூப்பாட்டுக்கு இவர் கையைத் தூக்கி "ஆஜர்!" என்பார். கல்லூரிப் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஐரீனுக்குக் கூசிப்போகும். இன்று அந்தக் கை தொங்கியே கிடக்கிறது. மோரி இவரைப் பார்த்தபடி இன்னொரு முறை கூப்பிடுகிறார். "கெல்னர்! ஆளு இருக்காரா, இல்லையா?" சாண்ட்விச் கேட்டிருந்த பெண் தட்டை எடுக்காமல் நிற்கிறாள். இயந்திரத்தை யாரோ நிறுத்துகிறார்கள். ஐரீன் அவர் விரல்களை அழுத்துகிறாள், மறுபடியும் அழுத்துகிறாள். அவர் குனிந்து அவள் காதோரம் சொல்கிறார்: "பாவம், எவ்வளவு நேரமா கூப்பிடுறாங்க. அந்த மனுஷன் கிளம்பிப் போயிட்டாரு போல."