நீச்சல் குளத்துக்குள் ஒரு கோலம்

பசுமலையில் எங்கள் வீட்டு நீச்சல் குளத்தைக் கார்த்திகையில் வற்றவைத்துத் தார்ப்பாய் கட்டி மூடினால், பங்குனியில்தான் திறப்போம். தோட்ட வேலைக்கு வரும் கருப்பு அண்ணன் தரையைத் தேய்த்துக் கழுவுவார். ஈரம் காய்ந்ததும் நான் இறங்கி ஐந்து புள்ளிக் கோலம் போட்டுச் சூடம் காட்டுவேன். அப்புறம் லாரித் தண்ணீரை விடுவோம். கோலம் ஒரு நிமிடத்தில் கரைந்துவிடும்.

இந்த வருடம் தார்ப்பாயை விலக்கியபோதே தரையில் கோலம் இருந்தது. அதே ஐந்து புள்ளி. சுற்றிலும் விரல் கனத்துக்குத் தூசி. கோலத்தின் மேல் தூசி இல்லை.

"யாருண்ணே போட்டது?"

"யாரும் எறங்கலம்மா. கார்த்திகையில நான் போட்ட முடிச்ச இப்பத்தான அவுக்குறேன்."

கடைசி இழை மட்டும் சேராமல் நின்றது. பாதிக் கோலத்தைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. இறங்கி இழுத்துச் சேர்த்துவிட்டேன். அதைத் தேய்க்க மாட்டேன் என்று அண்ணன் சொல்லிவிட்டார். சுற்றி மட்டும் கழுவினார். இரண்டு லாரித் தண்ணீர் பிடித்தது.

மறுநாள் காலை தண்ணீர் தெளிந்திருந்தது. நாலரை அடி ஆழத்தில் கோலம் வெள்ளையாக அப்படியே கிடந்தது. நான் சேர்த்த இழை மட்டும் பழையபடி பிரிந்திருந்தது.

என் மகள் காவ்யஸ்ரீ முதல் படியில் கால் நனைத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் முங்கிப் போயி சேத்துட்டு வரவா?"

கோலத்தைப் பாதியில் விடக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.